பஸ்கா, பாஸ்கா, பெசகா: திருவிருந்து எங்கிருந்து வந்தது?

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய பனச்சமூடு சந்தைப் பக்கம் எங்கள் தெரு. அங்கே ஈஸ்டருக்கு முந்தின வியாழனான பெரிய வியாழன் நெருங்கினால் ஒரே சொல் பல உருவத்தில் காதில் விழும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரர்களான எங்களுக்கு அது 'பஸ்கா'. இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட கதை, யூதர்களின் பண்டிகை. இரண்டு வீடு தள்ளியிருக்கிற கத்தோலிக்கர்களுக்கு 'பாஸ்கா' என்றால் உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர். பாஸ்கா திரி, பாஸ்கா காலம் என்று ஐம்பது நாள் அந்தச் சொல் கூடவே வரும். உள்நாட்டுக் கத்தோலிக்கக் கிராமங்களில் உறவு உள்ளவர்களைக் கேட்டால், பாஸ்கு என்பது இயேசுவின் பாடுகளை மேடை கட்டி நடிக்கிற நாடகம். எங்களுக்கு அடுத்த வீட்டில், கோட்டயம் பக்கத்திலிருந்து ரப்பர் போட வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துக்கோ அது 'பெசகா'. அவர்கள் வீட்டு அடுப்பில் ஆவியில் வேகிற அப்பம்.

ஓய்வுநாள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வருஷம் இதைப் பற்றிக் கேட்டபோது இரண்டு பதில்கள் வந்தன. பஸ்கா என்றால்? "வாசல்ல ரத்தம் பூசினது, சார்." சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து எதற்கு? "இயேசு மரிச்சத மறக்காம இருக்க." பெரியவர்களைக் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான். இரண்டும் தப்பில்லை. ஆனால் இரண்டுமே பாதி. மீதிப் பாதி தெரியாததால்தான் பஸ்காவுக்கும் திருவிருந்துக்கும் நடுவில் உள்ள உறவு நமக்குப் பிடிபடாமல் போகிறது. அந்தப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சொல் ஒன்றுதான்

எபிரெய மொழியில் 'பெசாக்' என்று ஒரு சொல். கடந்துபோதல் என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பொருள். எகிப்தில் வீடு வீடாகத் தலைப்பிள்ளைகளுக்குச் சாவு வந்த இரவில், வாசலில் ஆட்டின் இரத்தம் பூசியிருந்த இஸ்ரவேலரின் வீடுகளைக் கடவுள் கடந்துபோனார் என்கிறது யாத்திராகமம் (கத்தோலிக்க வேதாகமத்தில் விடுதலைப் பயணம்) 12ஆம் அதிகாரம். அந்தச் சொல் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய் 'பாஸ்கா' ஆனது. சுரியானி மொழி வழியாகக் கேரளத்துக்கு வந்து 'பெசகா' ஆனது. நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் 'பஸ்கா' ஆனது. கிரேக்கச் சபையும் லத்தீன் சபையும் யூதப் பண்டிகையையும் இயேசுவின் உயிர்ப்பையும் இந்த ஒரே சொல்லால்தான் அழைத்தன. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் ஈஸ்டரைப் பாஸ்கா என்று சொல்வதும் சரியே. ஆதி சபைக்கு அவை தொடர்பில்லாத இரண்டு பண்டிகைகளாகவே தெரியவில்லை.

வாசலில் இரத்தம், உள்ளே விருந்து

எங்கள் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு கல்ஃப் பயணம் நடந்திருக்கும். விடியற்காலை மூன்று மணிக்குத் திருவனந்தபுரத்தில் விமானம் என்றால், பத்து மணிக்கே பெட்டி வாசலுக்கு வந்துவிடும். போகிறவர் ஷூ போட்டபடியே சாப்பிடுவார். அம்மா நின்றுகொண்டே பரிமாறுவாள். வெளியே டாக்சி காத்து நிற்கும். அந்தச் சாப்பாட்டை யாரும் மறப்பதில்லை. ருசிக்காக அல்ல, அதைச் சாப்பிட்ட கையோடு ஒரு வாழ்க்கை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதற்காக.

முதல் பஸ்கா அப்படி ஒரு சாப்பாடு. முதல் மாதம் பத்தாம் தேதி வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டியைத் தெரிந்தெடுத்து, பதினான்காம் தேதிவரை வைத்திருந்து, அன்று சாயங்காலம் அடிக்க வேண்டும். இரத்தத்தை ஈசோப்பு என்ற செடியின் கொத்தில் தோய்த்து வாசலின் இரண்டு நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் தெளிக்க வேண்டும். இறைச்சியை நெருப்பில் சுட்டு, புளிப்பில்லாத அப்பத்தோடும் கசப்பான கீரையோடும் தின்ன வேண்டும். எலும்பை முறிக்கக் கூடாது. விடியும்வரை எதையும் மீதி வைக்கக் கூடாது. இடுப்பில் கச்சை, காலில் செருப்பு, கையில் கோல். அவசர அவசரமாகச் சாப்பிட வேண்டும்.

நாம் இரத்தத்தோடு கதையை நிறுத்திவிடுகிறோம். ஆனால் அந்த அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்தால் இரத்தத்தைப் பற்றிச் சில வசனங்கள்தான் இருக்கும். யார் சாப்பிடலாம், எப்படிச் சுட வேண்டும், எதோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்பதற்கே இடம் அதிகம் போகிறது. ஓர் ஆட்டைத் தின்று முடிக்க ஆள் போதாத சிறிய வீடாக இருந்தால் அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றுகூட நான்காம் வசனம் சொல்கிறது. வாசலில் இரத்தம் பூசிவிட்டு உள்ளே பட்டினியாகப் படுத்துக்கொள்ளும் பஸ்கா என்று ஒன்று கிடையாது. பலியும் விருந்தும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஸ்கா ஆட்டை, பாவம் செய்தவன் ஆசாரியனிடம் கொண்டுபோகிற பாவநிவாரண பலியோடு நாம் குழப்பிக்கொள்கிறோம். எகிப்தில் அந்த இரவில் ஆசாரியனும் இல்லை, பலிபீடமும் இல்லை. அடிமைகள் தங்கள் வீட்டில் தங்கள் கையால் செய்தது அது. விடுதலையின் பலி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். பிற்காலத்தில்தான் ஆட்டை எருசலேம் ஆலயத்தில் அடித்து, நகரத்து வீடுகளில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் வந்தது. இயேசுவின் காலத்தில் அதுதான் நடைமுறை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், பஸ்கா என்பது அடிமைகளை விடுதலையாக்கிய இரவு. அந்த இரவில் பலியிட்ட ஆட்டைக் குடும்பமாகச் சாப்பிட்டவர்கள் அந்த விடுதலைக்குள் வந்தார்கள்.

ஏன் புளிக்காத அப்பம்?

அடுத்த வீட்டு அம்மச்சி பெரிய வியாழன் மத்தியானமே பச்சரிசி மாவையும் உளுந்தையும் எடுத்துவிடுவார். தேங்காய், சீரகம், பூண்டு, சின்ன உள்ளி எல்லாம் அரைத்துச் சேர்ப்பார். மற்ற நாட்களில் அந்த வீட்டு அப்பத்துக்கு ராத்திரியே மாவு கரைத்து, கள்ளோ ஈஸ்ட்டோ விட்டு, காலையில் பொங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அன்று மட்டும் அரைத்த மாவு நேராக ஆவிக்குப் போகும். "புளிக்கவே விடமாட்டோம் மோனே" என்பார். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் வாங்கிவந்த ஓலையில் சிறு சிலுவை செய்து ஓர் அப்பத்தின் மேல் வைப்பார். தேங்காய்ப்பாலில் வெல்லம், ஏலம், சுக்கு சேர்த்துக் காய்ச்சியது பெசகாப் பால். இரவு ஜெபம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர் அப்பத்தை முறித்து, வயதுப்படி ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்க வேண்டும்.

புளிப்பு என்றால் இன்று பாக்கெட்டில் வாங்குகிற ஈஸ்ட்டை நினைத்துக்கொள்கிறோம். அந்தக் காலத்தில் புளிப்பு என்பது நேற்றைய மாவில் எடுத்து வைத்த ஓர் உருண்டை. இன்றைய மாவை அது புளிக்க வைக்கும். இன்றைய மாவிலிருந்து நாளைக்கு ஓர் உருண்டை. நம் வீட்டில் மீந்த தோசை மாவைப் புது மாவில் கலக்கிறோமே, அதே வேலைதான். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு அப்பத்திலும் பழைய வீட்டின் பழைய மாவு இருக்கிறது.

எகிப்தை விட்டுப் போகிறவர்களுக்குப் புளிக்கக் காத்திருக்க நேரமில்லை என்பது முதல் காரணம். அதோடு, பழைய மாவின் தொடர்ச்சி அங்கே அறுகிறது. எகிப்தின் புளிப்பு வழிப்பயணத்தில் கூட வராது. அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது இதையேதான் எடுத்துக்கொள்கிறார். பழைய புளித்த மாவைக் கழித்துப்போடுங்கள், நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து பலியிடப்பட்டிருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொல்கிறார். யூதர்கள் இன்றும் இதில் கண்டிப்பானவர்கள். பஸ்கா அப்பத்துக்கான மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் அது வெந்தாக வேண்டும் என்பது அவர்களுடைய வேத ஆசிரியர்களான ரபிமார் வகுத்த கணக்கு. அதுவும் கோதுமை, பார்லி போன்ற குறிப்பிட்ட தானியங்களில்தான் செய்வார்கள். அரிசி மாவு அவர்கள் சட்டத்தில் செல்லாது. எங்கள் அம்மச்சியின் அப்பம் யூத அப்பம் அல்ல. ஆனால் 'இன்று புளிப்பு இல்லை' என்ற அந்த ஒரு நினைவு, அரிசியும் தேங்காயும் விளைகிற மண்ணில் அரிசியும் தேங்காயுமாக ஊன்றி நிற்கிறது. எனக்கு அது பெரிய காரியமாகப் படுகிறது.

'நாம்' என்ற சொல்

இப்போது இரண்டாவது பதிலுக்கு வருவோம். திருவிருந்து மறக்காமல் இருப்பதற்காக என்ற பதில். என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள் என்று இயேசு சொன்னது உண்மை. சிக்கல் 'நினைவு' என்ற சொல்லில் இருக்கிறது. நமக்கு நினைவு என்றால் சுவரில் மாலை போட்ட படம். போனவரைப் போனவராகவே நினைப்பது.

நான் வகுப்பில் வேறொரு உதாரணம் சொன்னேன். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அப்போது அது மதராஸ் மாநிலம். "நாம எப்போ தமிழ்நாட்டோட சேர்ந்தோம்?" என்று பிள்ளைகளிடம் கேட்டால் "ஐம்பத்தாறுல" என்று உடனே சொல்கிறார்கள். அவர்கள் பிறந்தது 2010க்குப் பிறகு. அவர்களுடைய அப்பாமார்கூட அன்று பிறந்திருக்கவில்லை. ஆனாலும் அந்த 'நாம்' பொய் இல்லை. அவர்கள் கையில் இருக்கிற பாடப்புத்தகம், வீட்டு ரேஷன் கார்டு, பஸ்ஸின் பலகை எல்லாமே அந்த நாளின் விளைவு. நடந்தது ஒரே தரம். அதற்குள் வாழ்கிறவர்கள் இன்னும் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

பஸ்காவின் இலக்கணம் இந்த 'நாம்'தான். மகன் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாத்திராகமம் 13:8 சொல்லிக்கொடுக்கிறது: நான் எகிப்திலிருந்து புறப்பட்டபோது கர்த்தர் எனக்குச் செய்ததற்காக. 'என் தாத்தாவுக்கு' என்று இல்லை, 'எனக்கு'. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இதை விதியாகவே வைத்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தானே எகிப்திலிருந்து வெளியே வந்ததாக எண்ண வேண்டும் என்று. இப்படிப்பட்ட நினைவுக்கு எபிரெயத்தில் 'சிக்காரோன்' என்று பெயர்: முன்பு நடந்த மீட்பில் இன்று பங்கு பெறுகிற நினைவு. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'அனம்னேசிஸ்' என்று வருவது இதே பொருளில்தான் என்பது என் புரிதல்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைக் கவனித்த பிறகு எனக்குத் திருவிருந்தின் முறைமையே புதிதாகக் கேட்கத் தொடங்கியது. இந்த நாளை நினைவுநாளாகக் கொண்டாடுங்கள் என்று எகிப்தில் கட்டளை வந்தது எப்போது? விடுதலைக்கு முன்பே. அவர்கள் இன்னும் அடிமைகளாக இருக்கும்போதே நினைவு விருந்து மேசைக்கு வந்துவிட்டது. இயேசுவும் அப்பத்தைப் பிட்டது சிலுவைக்கு முந்தின இரவில். இன்னும் நடக்காத ஒன்றை மறந்துவிடுவார்களோ என்று யாராவது விருந்து வைப்பார்களா? நடக்கப்போகிற மீட்பில் அவர்களுக்குப் பங்கு கொடுக்கவே இரண்டு விருந்துகளும் முன்கூட்டி வந்தன.

சுருக்கமாக: வேதாகமத்தின் நினைவுகூருதல் என்பது பழையதை யோசித்துப் பார்ப்பது மட்டுமல்ல. சாப்பிடுகிறவர் அந்தச் சம்பவத்தின் பங்காளி ஆகிறார்.

மேல்வீட்டறையில் என்ன மாறியது?

பஸ்கா விருந்தில் வீட்டுத் தலைவர் உணவைக் காட்டி அதன் பொருளைச் சொல்வது வழக்கம். இந்தக் கீரை எகிப்தில் பட்ட கசப்பு, இந்த அப்பம் அவசரமாகப் புறப்பட்டது என்று. சீஷர்களான பேதுருவும் யோவானும் ஆயத்தம் செய்த மேல்வீட்டறையில் இயேசு அந்த இடத்தில் உட்காருகிறார். அப்பத்தை எடுக்கிறார். எகிப்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில், இது என் சரீரம் என்கிறார். பாத்திரத்தை எடுத்து, என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்கிறார். உடன்படிக்கை என்றால் கடவுளும் மக்களும் ஒருவருக்கொருவர் உரியவர்கள் என்று செய்துகொள்ளும் பந்தம். சீனாய் மலையடிவாரத்தில் மோசே மக்கள்மேல் இரத்தம் தெளித்துச் செய்தது பழைய பந்தம். எரேமியா 31ஆம் அதிகாரம் புதிய ஒன்று வரும் என்று சொல்லியிருந்தது.

அந்த விருந்தில் பேசியதைச் சொல்லும் வரிகளில் ஆட்டிறைச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆட்டின் இடம் பேச்சில் காலியாக இருக்கிறது. தன்னையே கொடுக்கிறவர் வீட்டுத் தலைவரின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நாள் கணக்கில் ஒரு கேள்வி வரும். சுவிசேஷம் எழுதிய நால்வரில் மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் அந்த இரவு விருந்தையே பஸ்கா விருந்து என்கிறார்கள். யோவானோ இயேசு தீர்ப்புப் பெற்றது பஸ்காவுக்கு ஆயத்த நாளில் என்கிறார். ஆலயத்தில் ஆடுகள் அடிக்கப்படும் நாள் அது. இதைப் பொருத்திக் காட்ட எவ்வளவோ முயற்சிகள் உண்டு. புதிதாக வாசிப்பவருக்கு ஒன்று போதும்: மூவர் நமக்கு விருந்தைக் காட்டுகிறார்கள், யோவான் ஆட்டைக் காட்டுகிறார். சிலுவையில் ஈசோப்புத் தண்டு வருகிறது, எலும்பு முறிக்கப்படவில்லை என்று வருகிறது. இரண்டும் எகிப்தின் அந்த இரவிலிருந்து எடுத்த வார்த்தைகள். பலியும் விருந்தும் ஒன்று என்று மேலே சொன்னேனே, அது இங்கேயும் அப்படியே வருகிறது.

அதனால்தான் பவுல், நாம் பிட்கிற அப்பம் கிறிஸ்துவின் சரீரத்தின் ஐக்கியம் அல்லவா என்று கேட்கிறார். ஐக்கியம் என்று நாம் மொழிபெயர்த்த 'கொயினோனியா' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பங்காளியாக இருத்தல் என்று பொருள். எகிப்தில் ஆட்டைத் தின்றவர்கள் விடுதலையின் பங்காளிகள் ஆனதுபோல, மேசைக்கு வருகிறவர்கள் சிலுவைக்கும் உயிர்ப்புக்கும் பங்காளிகள் ஆகிறார்கள். அந்த அப்பத்தில் கிறிஸ்து எந்த விதத்தில் இருக்கிறார் என்பதில் சபைகள் பிரிகின்றன. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரத்தில் சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் இதற்காகவே கூடிப் பேசி, உடன்பாடு காணாமல் பிரிந்தார்கள். அந்த விவாதம் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

அப்படியானால் எந்த அப்பம் சரி?

எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கிற கேள்வி. லத்தீன் கத்தோலிக்கர்கள் நற்கருணைக்கு (திருவிருந்துக்கு அவர்கள் சொல்லும் பெயர்) புளிக்காத அப்பம் வைக்கிறார்கள், பஸ்காவின் தொடர்ச்சியாக. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயச் சபைகள் குர்பானாவுக்கு (அவர்களுடைய திருவிருந்து ஆராதனைக்கு) புளித்த மாவில் சுட்ட அப்பம் வைக்கின்றன. மாவு எழும்புவது அவர்களுக்கு உயிர்ப்பின் அடையாளம். ஒரு பக்கம் வெள்ளிக்கிழமையைப் பார்க்கிறது, இன்னொரு பக்கம் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கிறது. எங்கள் மாவட்டத்தில் நிறையவே உள்ள இரட்சணிய சேனைச் சபைகளில் திருவிருந்தே கிடையாது. வாழ்க்கை முழுவதும் அந்த ஐக்கியத்தில் இருப்பதே போதும் என்பது அவர்கள் நிலை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாப்பிடுங்கள் என்று சொன்னவர் சாப்பிடத்தான் சொன்னார் என்றே நான் வாசிக்கிறேன்.

இப்போது சில சபைகளில் யூதர்களின் பஸ்காத் தட்டை வைத்து, முட்டை முதல் எல்லாவற்றையும் காட்டி, இயேசு இப்படியேதான் சாப்பிட்டார் என்கிறார்கள். ஆசையில் செய்கிறார்கள், ஆனால் கவனம் வேண்டும். கி.பி. 70இல் ஆலயம் இடிக்கப்பட்டு ஆடு அடிக்க வழியில்லாமல் போன பிறகுதான் அந்த முறை இன்றைய வடிவத்துக்கு வந்தது. அது யூதர்களின் உயிருள்ள வழிபாடு. அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம், நம் நாடகத்துக்கு மேடைப்பொருளாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிலவு

பஸ்கா நிலவுக் கணக்கில் வருவது. மாதத்தின் பதினான்காம் நாள் முழுநிலவை ஒட்டியிருக்கும். ஈஸ்டரை மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறாகக் கணக்கிடுகிறார்கள். நாட்கள் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2024இல் ஈஸ்டர் மார்ச் 31, யூதரின் பஸ்கா ஏப்ரல் 22 மாலை. ஆனாலும் பெரிய வியாழன் ஆராதனை முடிந்து ரப்பர் தோட்டத்து வழியாக வீட்டுக்கு நடக்கும்போது பாருங்கள், நிலவு முழுமையை ஒட்டித்தான் இருக்கும். அடிமைகள் புறப்பட்ட வழியிலும் அப்படி ஒரு வெளிச்சம் இருந்திருக்கும்.

போன வருஷம் அடுத்த வீட்டில் அப்பம் வேகவில்லை. அம்மச்சியின் கணவர் தை மாதம் தவறிவிட்டார். சாவு நடந்த வீட்டில் அந்த வருஷம் பெசகா அப்பம் செய்ய மாட்டார்கள், உறவுக்காரரோ அயல்காரரோ கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் என் மனைவி அம்மச்சியிடமே பக்குவம் கேட்டு, எங்கள் அடுப்பில் வேகவைத்து, வாழையிலையில் பொதிந்து எடுத்துப் போனாள். நானும் மகளும் கூடப் போனோம். அம்மச்சி அதை முறித்து முதல் துண்டை என் மகளுக்கு நீட்டினார். அவள் ஒரு கையை நீட்டினாள்.

"ரெண்டு கையும் மக்ளே" என்றார்.

"ஏன் அம்மச்சி?"

அம்மச்சி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, எகிப்திலிருந்து தொடங்கினார்.